உம்மணாமூஞ்சி டவுடிங்கும் நாலு எக்ஸ்டென்ஷன் ஆர்டர்களும்

அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற யாரையாவது கேட்டுப் பாருங்கள், கடைசி வருஷத்தில் எக்ஸ்டென்ஷன் வருமா வராதா என்று தவிக்கிற தவிப்பைக் கதை கதையாகச் சொல்வார்கள். பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று தெரியாது, மேலிடத்தில் கேட்டால் பதில் வராது, வரும்போது ‘இன்னும் நாலு மாதம் இருங்கள்’ என்று ஒரு வரி வரும். 1940-இல் பிரிட்டனின் வான் பாதுகாப்பு முழுவதையும் கையில் வைத்திருந்த ஏர் சீஃப் மார்ஷல் ஹியூ டவுடிங் இருந்தது இந்த நிலைமையில்தான்.

1938-இல் அவருக்கு வந்த கடிதம், 1939 ஜூனோடு நீங்கள் கிளம்பலாம் என்றது. போர் வருகிற மாதிரி இருந்ததால் அது 1940 மார்ச் கடைசிக்குத் தள்ளிப்போனது. அந்தக் கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்பு ஜூலை 14 வரை நீட்டினார்கள். ஜூலை முதல் வாரத்தில் இன்னொரு கடிதம், அக்டோபர் கடைசி வரை இருங்கள் என்று. ‘பிரிட்டன் வான்போர்’ என்று வரலாற்றில் எழுதப்பட்ட சண்டை ஜூலை 10-இல் ஆரம்பித்து அக்டோபர் 31-இல் முடிந்ததாகத்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதாவது ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து நின்ற மனிதரின் வேலை ஆர்டரும் அந்தச் சண்டையும் கிட்டத்தட்ட ஒரே தேதியில் காலாவதியாகும்படி இருந்தன. ஆகஸ்டில், குண்டு விழ ஆரம்பித்த பிறகு, தேதி போடாமல் ஒரு நீட்டிப்பு கொடுத்தார்கள். நவம்பர் 25-ஆம் தேதி அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார்.

ஜெயித்த தளபதியை ஏன் இப்படி வெளியே அனுப்பினார்கள் என்பது பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற விவாதம். அதைப் புரிந்துகொள்ள 1940 மட்டும் போதாது, அந்த மனிதர் நாற்பது வருஷமாக எப்படி வேலை பார்த்தார் என்று பார்க்க வேண்டும். என் கணக்கில், அவரைப் பதவியை விட்டுத் தூக்கியதும் அவரை ஜெயிக்க வைத்ததும் ஒரே குணம்தான்: கண்ணால் காட்டு, அப்புறம் பேசலாம்.

டவுடிங் 1882-இல் ஸ்காட்லாந்தில் மொஃபாட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர், அப்பா அங்கே பள்ளிக்கூடம் நடத்தினார். படிப்பு முடிந்து பீரங்கிப் படையில் சேர்ந்தார். ஜிப்ரால்டர், இலங்கை, ஹாங்காங், அப்புறம் இந்தியாவில் மலைப் பீரங்கிப் பிரிவு என்று சுற்றினார். 1913 டிசம்பரில், முப்பது வயது தாண்டிய பிறகு, புரூக்லாண்ட்ஸில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு சான்றிதழ் வாங்கினார். அடுத்த வருஷமே முதல் உலகப்போர் வந்துவிட்டதால் பீரங்கிக்காரர் விமானக்காரராகவே ஆகிப்போனார். சகாக்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஸ்டஃபி’. நம் ஊரில் சொன்னால் உம்மணாமூஞ்சி. விருந்துகளில் ஒட்டமாட்டார், அரட்டை அடிக்கமாட்டார். இதே ஆள் பனிச்சறுக்கில் கெட்டிக்காரர், அதற்கான சங்கத்துக்குத் தலைவராகவே இருந்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிரிக்கவே தெரியாதவர் என்ற சித்திரம் மட்டும் நின்றுவிடும்.

பிரான்ஸ் போர்முனையில் அவர் 16-ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவுக்குத் தலைமை தாங்கியபோது அளவு பொருந்தாத புரொப்பெல்லர்களை அனுப்பிவிட்டார்கள். இது ஆகாது என்று டவுடிங் சொன்னார். மேலதிகாரி ட்ரென்சார்ட், பாரிஸில் ஒரு நிபுணர் இதைத் துளையை மட்டும் பெரிதாக்கிப் பொருத்தலாம் என்று சொல்லியிருக்கிறார், போய் மாட்டு என்றார். சரி என்று மாட்டி, வேறு பைலட்டை அனுப்பாமல் தானே ஏறி ஓட்டிப் பார்த்தார், உயிர் தப்பியது பெரிய விஷயம். ட்ரென்சார்ட் விசாரித்து, தப்பு தன் பக்கம் என்று வருத்தம் தெரிவித்தார். ஆனால் 1916-இல் சோம் சண்டையின் நடுவே, ஆள் இழந்து நொறுங்கிப்போன ஒரு ஸ்குவாட்ரனுக்கு ஓய்வு கொடுங்கள் என்று டவுடிங் கேட்டபோது ஓய்வைக் கொடுத்த அதே ட்ரென்சார்ட், கேட்ட ஆளை இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். எதற்கெடுத்தாலும் அழுமூஞ்சி என்பது அவருடைய தீர்ப்பு.

போர் முடிகிற வருஷம் கிளாரிஸ் என்ற விதவையை மணந்தார். இரண்டே வருஷத்தில் அவர் இறந்துபோனார், கையில் டெரெக் என்ற கைக்குழந்தை. தங்கை ஹில்டா வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். மனிதர் இன்னும் உள்ளே சுருங்கினார் என்று அவரைத் தெரிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1930-இல் நடந்த ஒரு விஷயத்தை அவருடைய வாழ்க்கை பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்த வருஷம்தான் அவர் விமான அமைச்சகத்தில் ஆராய்ச்சி, கொள்முதலுக்குப் பொறுப்பாக வந்தார். அப்போது ஆர்101 என்ற ராட்சத ஆகாயக் கப்பல் தயாராகிக்கொண்டிருந்தது. ஹைட்ரஜன் நிரப்பியது, இங்கிலாந்தில் கிளம்பி எகிப்து வழியாக அன்றைய இந்தியாவின் கராச்சிக்கு வர வேண்டும். விமானத் துறை அமைச்சர் லார்ட் தாம்சனே அதில் ஏறி இந்தியா போய்விட்டு லண்டன் மாநாட்டுக்குத் திரும்பி வரத் திட்டம் போட்டிருந்ததால் அவசரமோ அவசரம். அக்டோபர் 1-ஆம் தேதி கடைசி வெள்ளோட்டம் நடந்தது, டவுடிங்கும் அதில் போனார். எஞ்சின் ஒன்றில் ஆயில் கூலர் கோளாறு. முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காமலே திரும்பிவிட்டார்கள். நாலு நாள் கழித்து, கராச்சிக்குக் கிளம்பிய முதல் இரவே பிரான்ஸில் போவே ஊருக்குப் பக்கத்தில் கப்பல் தரையில் மோதி எரிந்தது. இருந்தவர்கள் 54 பேர், செத்தவர்கள் 48 பேர். பறக்கலாம் என்ற அனுமதிக்குப் பின்னால் டவுடிங்கின் ஒப்புதலும் இருந்தது. புதிதாக வந்தவன், நிபுணர்கள் சொல்வதைத் தட்டக்கூடாது என்று இருந்துவிட்டேன், இன்னும் சோதனை செய்யச் சொல்லிப் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும் என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார்.

இந்தக் கப்பலை மனதில் வைத்துக்கொண்டு 1935-க்கு வாருங்கள். அந்தக் காலத்தில் பிரிட்டனில் பெரிய தலைகள் எல்லாரும் நம்பியது, குண்டுவீச்சு விமானம் எப்படியும் உள்ளே வந்துவிடும், தடுக்க முடியாது, பதிலுக்கு நாமும் போய்க் குண்டு போடுவதுதான் ஒரே வழி என்று. முன்னாள் பிரதமர் பால்ட்வின் அதை நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருந்தார். எதிரி விமானியை ரேடியோ அலையால் சுட்டுப் பொசுக்க முடியுமா என்று ‘சாவுக் கதிர்’ பேச்சு ஓடியது. ரேடியோ ஆராய்ச்சியாளர் ராபர்ட் வாட்சன்-வாட்டிடம் கேட்டார்கள், அவருடைய உதவியாளர் ஆர்னால்ட் வில்கின்ஸ் கணக்குப் போட்டு, பொசுக்கவெல்லாம் முடியாது, ஆனால் விமானத்தில் பட்டுத் திரும்புகிற அலையைப் பிடித்து அது எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கலாம் என்றார். பணம் வேண்டும் என்று ஃபைல் டவுடிங்கிடம் வந்தது. காகிதக் கணக்கு எனக்கு வேண்டாம், காட்டுங்கள் என்றார். பிப்ரவரி 26-ஆம் தேதி டேவென்ட்ரி பிபிசி ஒலிபரப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வயலில் வண்டியை நிறுத்தி, உள்ளே பெட்டியை வைத்து, ஹெய்ஃபோர்ட் என்ற குண்டுவீச்சு விமானத்தை மேலே போகவும் வரவும் விட்டார்கள். திரையில் ஒளிப்புள்ளி நீண்டு சுருங்கியது, சுமார் எட்டு மைல் வரை தெரிந்தது. அடுத்து, கேட்ட பணம் கைக்கு வந்தது. ரேடார் பிறந்த கதை இது.

ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் என்ற போர் விமானங்கள் இரண்டும் உருவானதும் இவருடைய துறை மூலமாகத்தான், ஆனால் அந்தப் பெருமையில் பங்குக்கு ஆள் நிறைய பேர் உண்டு. டவுடிங்குக்கு மட்டுமே உரியது அதற்கு அடுத்த கட்டம். 1936 ஜூலை 14-இல் ஃபைட்டர் கமாண்ட் என்ற புதுப் பிரிவை உருவாக்கி அவரை அதற்குத் தலைவராகப் போட்டார்கள், லண்டனுக்கு வடமேற்கே ஸ்டான்மோரில் பெண்ட்லி பிரியரி என்ற பழைய மாளிகையில் ஆபீஸ். அடுத்த வருஷம் விமானப்படைத் தலைமைத் தளபதி பதவி அவருக்கு வந்திருக்க வேண்டியது, சிரில் நியூவலுக்குப் போனது. இவர் வாயை மூடிக்கொண்டு பெண்ட்லி பிரியரியில் வயர் இழுத்துக்கொண்டிருந்தார்.

வயர் இழுத்தார் என்று சும்மா சொல்லவில்லை. ரேடார் இருந்தால் மட்டும் போதாது என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியவில்லை. பிரான்ஸ் கரையிலிருந்து இங்கிலாந்துக் கரை, குறுகலான இடத்தில், 33 கிலோமீட்டர்தான். குண்டுவீச்சு விமானம் ஆறேழு நிமிடத்தில் தாண்டிவிடும். கீழே இருக்கிற ஸ்பிட்ஃபயர் கிளம்பி, அணிசேர்ந்து, இருபதாயிரம் அடிக்கு ஏறக் கால் மணி நேரம் போல ஆகும். ஆகவே எதிரி பிரான்ஸ் மேலே கூட்டம் கூடும்போதே இங்கே மணி அடித்தாக வேண்டும். கரையோர ரேடார் கோபுரங்களுக்குக் கடல் பக்கம் மட்டும்தான் தெரியும், எதிரி உள்ளே வந்துவிட்டால் அப்சர்வர் கோர் என்ற தொண்டர்கள்தான் கண். குமாஸ்தா, விவசாயி, கடைக்காரர் என்று ஆயிரக்கணக்கானவர்கள் மேட்டில் நின்று பைனாகுலரில் பார்த்துப் போன் பண்ணுவார்கள். ஒரே விமானக் கூட்டத்தை மூன்று ரேடார் மூன்று விதமாகச் சொல்லும். அத்தனை ரேடார் தகவலும் முதலில் பெண்ட்லி பிரியரிக்கு வந்து, ஃபில்டர் ரூமில் சலிக்கப்பட்டு, எது நிஜம் எது இரட்டிப்பு என்று பிரித்து, அப்புறம்தான் கீழே ஒவ்வொரு வட்டாரத்தையும் காத்த குரூப்புகளுக்கும் அங்கிருந்து செக்டர் விமான தளங்களுக்கும் போகும். எல்லாம் தபால் துறையின் டெலிபோன் லைனில்.

அந்த அறையில் ஒரு பொருளைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும், அதுதான் கடிகாரம். சாதாரண சுவர்க் கடிகாரம்தான், ஆனால் முகத்தில் ஐந்தைந்து நிமிடத்துக்கு ஒரு முக்கோணம், சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாறி மாறி வண்ணம் பூசியிருக்கும். மேஜையில் விரித்த வரைபடத்தில் விமானப்படைப் பெண்கள் நீளக் குச்சியால் வில்லைகளைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள்; தகவல் வந்த நேரத்தில் நிமிட முள் எந்த வண்ணத்தில் நிற்கிறதோ அந்த வண்ண வில்லையைத்தான் வைக்க வேண்டும். மேலே பால்கனியில் நிற்கிற அதிகாரி குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், முள் நீலத்தில் இருக்கும்போது மேஜையில் சிவப்பு வில்லை கிடந்தால் அது ஆறிப்போன செய்தி, அதை நம்பி பைலட்டை மேலே அனுப்பக்கூடாது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் தகவலின் வயதை வண்ணத்தால் காட்டிய ஏற்பாடு. ஜெர்மன்காரர்கள் அந்த உயரமான ரேடார் கோபுரங்களைப் பார்த்தார்கள், சில இடங்களில் குண்டும் போட்டார்கள், ஆனால் அதன் பின்னால் இருந்த இந்த அறைகளையும் டெலிபோன்களையும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் நடுவில் ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங்கே ரேடார் நிலையங்களை அடிப்பதில் பிரயோஜனமில்லை என்று முடிவுக்கு வந்துவிட்டார்.

இடையில் பிரான்ஸ் விவகாரம். 1940 மே மாதம் பிரெஞ்சுப் படை சரிந்துகொண்டிருந்தது, இன்னும் ஸ்குவாட்ரன் அனுப்புங்கள் என்று பாரிஸ் கெஞ்சியது, சர்ச்சிலுக்கு அனுப்பத்தான் ஆசை. டவுடிங் அமைச்சரவைக் கூட்டத்திலேயே போய் எதிர்த்தார். அங்கே என்ன பேசினார், எந்த வரைபடத்தைக் காட்டினார் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அது கிடக்கட்டும். மறுநாள், மே 16, அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. பத்து பாரா, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, கணக்குப்பிள்ளை எழுதின மாதிரி. நாட்டைக் காக்க 52 ஸ்குவாட்ரன் தேவை என்று நீங்களே முன்பு மதிப்பிட்டீர்கள், இப்போது என்னிடம் இருப்பது 36-க்குச் சமம். இதற்குக் கீழே போகக்கூடாது என்கிற எல்லையை இப்போதே எழுத்தில் கொடுங்கள். இங்கே போதிய போர் விமானம் இருந்தால் நாம் தனியாகவே தாக்குப்பிடிக்கலாம். இருப்பதையும் பிரான்ஸைக் காப்பாற்றுகிறேன் என்று வடிய விட்டால், அங்கே வருகிற தோல்வி இந்த நாட்டின் முழுமையான, திருத்தவே முடியாத தோல்வியாகிவிடும். இவ்வளவுதான் சாரம். அதன்பிறகும் விமானங்கள் போகத்தான் போயின, பிரான்ஸ் சண்டையில் மொத்தம் 900-க்கும் மேல் இழந்தார்கள். ஆனால் மடை உடைந்து முழுசாக ஓடாமல் நின்றதில் அந்தக் கடிதத்துக்குப் பங்கு உண்டு.

கோடைச் சண்டையை நாளுக்கு நாள் சொல்லப் போவதில்லை, அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். டவுடிங் சண்டையை நேரடியாக நடத்தவில்லை என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். தென்கிழக்கைக் காத்த 11-ஆவது குரூப்பை நியூசிலாந்துக்காரர் கீத் பார்க் நிமிடத்துக்கு நிமிடம் நடத்தினார். டவுடிங் பின்னால் இருந்து, களைத்த ஸ்குவாட்ரனை வடக்கே அனுப்பிப் புதியதைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1916-இல் ட்ரென்சார்டிடம் கேட்டு வேலை போனதே, அதே ஓய்வை இப்போது தன் கையாலேயே கொடுத்தார். ஏறத்தாழ 3,000 பேர் அந்தச் சண்டையில் பறந்தார்கள், 544 பேர் அந்த நாட்களிலேயே செத்தார்கள். பறந்தவர்களில் ஒருவன் 74-ஆவது ஸ்குவாட்ரனில் இருந்த டெரெக், அவர் மகன். அவன் பிழைத்துக்கொண்டான்.

இனி விழுந்த கதை. லண்டனுக்கு வடக்கே இருந்த 12-ஆவது குரூப்புக்குத் தலைவர் லீ-மாலரி. அவருக்கும் பார்க்குக்கும் ஆகாது. பார்க், எதிரி குண்டு போடுவதற்கு முன்னால் மறிக்க வேண்டும், அதற்கு ஒன்றிரண்டு ஸ்குவாட்ரனாக உடனே ஏறினால்தான் முடியும் என்றார். லீ-மாலரியும் அவரிடம் இருந்த டக்ளஸ் பேடரும், இரண்டு காலும் இழந்த பிறகும் பறந்த பிரபல பைலட், ஐந்து ஸ்குவாட்ரனைச் சேர்த்து ஒரே பெரிய கூட்டமாகப் போய் அடிக்க வேண்டும் என்றார்கள். கூட்டம் சேர நேரம் பிடிக்கும், அதற்குள் பார்க்கின் விமான தளங்களில் குண்டு விழுந்துவிடும். இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து இதுதான் முடிவு என்று சொல்ல வேண்டியவர் டவுடிங், அவர் சொல்லவில்லை. இதில் அவருக்கு வக்காலத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. வயரையும் கடிகாரத்தையும் அவ்வளவு நுட்பமாகக் கோத்த மனிதருக்கு, கீழே இருக்கிற இரண்டு அதிகாரிகளின் சண்டையைத் தீர்க்க ஒரு போன் கால் போடத் தோன்றவில்லை.

அக்டோபர் 17-இல் அமைச்சகத்தில் ஒரு கூட்டம். டவுடிங்கும் பார்க்கும் போகிறார்கள், அங்கே வெறும் ஸ்குவாட்ரன் லீடரான பேடரை லீ-மாலரி கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறார். நியூவலுக்கு உடம்பு சரியில்லை என்று தலைமை வகித்தவர் அவருடைய துணைத் தளபதி ஷோல்டோ டக்ளஸ், அவருக்குப் பெரிய விமானக் கூட்டம் என்ற யோசனை பிடித்திருந்தது. அன்றைக்கே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்துவிட்டது.

ஆனால் பெரிய விமானக் கூட்டம் பற்றிய சண்டை மட்டும் டவுடிங்கைக் கவிழ்க்கவில்லை, இரவுக் குண்டுவீச்சும் சேர்ந்து கவிழ்த்தது. செப்டம்பர் 7 முதல் லண்டன் மீது இரவுக்கு இரவு, 57 இரவு தொடர்ந்து குண்டு விழுந்தது. ஏதாவது செய், ஹரிக்கேனையாவது இரவில் அனுப்பு என்று எல்லாரும் நெருக்கினார்கள். இருட்டில் கண் தெரியாமல் பைலட்டை அனுப்பி என்ன பயன், விமானத்துக்குள்ளேயே வைக்கிற ரேடாரும் அதைத் தாங்குகிற பியூஃபைட்டர் என்ற போர் விமானமும் தயாராகட்டும், அதுவரை பொறுங்கள் என்றார் டவுடிங். தொழில்நுட்பமாக அது நூற்றுக்கு நூறு சரி. வீட்டின் மேல் குண்டு விழுகிறவனிடம் பொறு என்று சொல்லிப் பாருங்கள். நவம்பர் 14-இல் கவென்ட்ரி நகரம் எரிந்தது. ஐந்து நாள் கழித்து ஜான் கன்னிங்ஹாம் என்ற பைலட் பியூஃபைட்டரில் ரேடார் உதவியோடு முதல் ஜெர்மன் விமானத்தை இரவில் வீழ்த்தினார். டவுடிங் கேட்ட நிரூபணம் வந்து சேர்ந்த அதே வாரத்தில் அவர் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். நாற்காலிக்கு வந்தவர் ஷோல்டோ டக்ளஸ். பார்க்கைப் பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு அவர் இடத்தில் லீ-மாலரியைப் போட்டார்கள். (லீ-மாலரி 1944 நவம்பரில் தென்கிழக்காசிய வான்படைத் தலைமையை ஏற்கக் கிளம்பிப் போகும் வழியில் பிரான்ஸ் மலையில் விமானம் மோதி இறந்தார். அந்தப் பதவிக்கு அப்புறம் வந்தவர் யார் தெரியுமா, கீத் பார்க்.)

1941-இல் விமான அமைச்சகம் இந்தச் சண்டையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டது. அதில் டவுடிங் பெயரே இல்லை. சர்ச்சிலே படித்துவிட்டுக் கோபப்பட்டார். டவுடிங்கை அமெரிக்காவுக்கு விமானக் கொள்முதல் வேலையாக அனுப்பினார்கள், அங்கேயும் மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லி வைக்க, திருப்பி அழைத்துக்கொண்டார்கள். 1942 ஜூலையில் ஓய்வு. விமானப்படையின் உச்சப் பட்டமான ‘மார்ஷல் ஆஃப் த ராயல் ஏர் ஃபோர்ஸ்’ கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் பிரபு பட்டம் வந்தபோது, எந்த ஊர் பெயரைச் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்ற இடத்தில் பெண்ட்லி பிரியரி என்று போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. காட்டினால்தான் நம்புவேன் என்று வாழ்ந்த மனிதர், செத்துப்போன விமானிகள் தன்னோடு பேசுகிறார்கள் என்று புத்தகம் எழுத ஆரம்பித்தார். நம் அடையாறில் தலைமையகம் வைத்திருக்கும் தியோசாபிகல் சொசைட்டியில் சேர்ந்தார், மறுபிறவியை நம்பினார். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பழைய எதிரிகளுக்கு வசதியாகப் போயிற்று. எனக்கு அதைச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை; பெயர் பெயராக, கணக்குக் கணக்காக அத்தனை பையன்களை மேலே அனுப்பியவர் அவர். 1951-இல் மறுமணம் செய்துகொண்டார், மனைவி மியூரியலின் முதல் கணவர் குண்டுவீச்சு விமானத்தில் போய்த் திரும்பாதவர், அவரைப் பற்றி விசாரித்துத்தான் மியூரியல் டவுடிங்கைத் தேடி வந்தார். மாமிசத்தை விட்டார், மிருகங்களை வைத்துச் சோதனை செய்வதற்கு எதிராகப் பிரபுக்கள் சபையில் பேசினார். மியூரியல் 1959-இல் தொடங்கிய ‘பியூட்டி வித்தவுட் க்ரூயல்டி’ அமைப்பின் கிளை பின்னால் புனேவிலும் வந்தது.

1970 பிப்ரவரியில் இறந்தார், சாம்பலை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வைத்தார்கள். பெண்ட்லி பிரியரியை விமானப்படை 2008-இல் காலி செய்தது. வளாகத்தில் இப்போது பணக்காரர்கள் குடியிருக்கிற அடுக்குமாடி வீடுகள், நடுவே ஒரு சின்ன மியூசியம். அவருடைய ஆபீஸ் அறையை மட்டும் மேஜை நாற்காலியோடு அப்படியே வைத்திருக்கிறார்கள்.